பாதயாத்திரை அடியார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024/2025)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, சங்கத்தின் மூத்த அடியார்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். 2024/2025 நிர்வாக ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இச்சபையின் முன் வைக்கிறேன்.

நிர்வாக சபை வழமைபோல் கூடியது. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அமிர்தகழியில் தாகசாந்தி நிலையம் அமைத்தோம். ஆலய வளவில் சிரமதானம் நடந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார் ஆதலால் வரவு செலவு பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இவ்வாண்டு எம்மை விட்டுப் பிரிந்த அடியார்களின் பெயர்கள் கூட்டத் தொடக்கத்தில் வாசிக்கப்பட்டு மௌன அஞ்சலியும் செலுத்தப்பட்டுவிட்டது.

இவ்வறிக்கையின் பெரும்பகுதி ஒரே விடயத்தைப் பற்றியது. கதிர்காமப் பாதயாத்திரைக்கு எமது ஊரிலிருந்து எந்த நாளில் புறப்படுவது என்பதை இனி எவ்வாறு தீர்மானிப்பது என்ற கேள்வி சென்ற கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. நிர்வாக சபை அதனை ஆராய்ந்து எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் உறுப்பினர்கள் முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டு யாத்திரை முருகன் அருளால் நல்லபடியாக நிறைவேறியது. வைகாசிப் பூரணை ஜூன் 10ஆம் திகதி வந்தது. அதனை ஒட்டிக் கண்ணகை அம்மன் சடங்கின் நிறைவான குளிர்த்தியும் முடிய, அந்த வாரத்திலேயே வேலாயுதத்தை முன்னே தாங்கிப் புறப்பட்டோம். களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் எனக் கரையோர வீதியால் நடந்து, பொத்துவிலும் பாணமையும் கடந்து உகந்தைமலை முருகன் சந்நிதியை அடைந்தபோது காட்டுப் பாதையும் திறந்திருந்தது. ஜூன் 20ஆம் திகதி பாதை திறக்கப்பட்டது, 26ஆம் திகதி கதிர்காமத்தில் கொடியேறியது, ஜூலை 11ஆம் திகதி மாணிக்க கங்கையில் தீர்த்தம். வழியில் அன்னம் தந்த ஆலய நிர்வாகங்களுக்கும், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் படலையைத் திறந்து வைத்துத் தண்ணீர் தந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி இவ்வறிக்கையில் பதியப்படுகிறது.

அந்த யாத்திரை சிரமமின்றி நடந்ததால், குளிர்த்தி முடிந்த கையோடு புறப்படுவதையே இனி நிரந்தர ஒழுங்காக்க வேண்டும் என்று பல உறுப்பினர்கள் எழுத்திலும் வாய்மொழியாகவும் கேட்டிருக்கிறார்கள். அம்மனுக்குச் சடங்கு செய்து, குளிர்த்தி ஆடி, அந்தத் தூய்மையோடு முருகனிடம் போவது எமது ஊர் மனத்துக்கு எவ்வளவு பிடித்தமானது என்பதை நான் அறிவேன். ஆயினும் 2025இல் அந்த இரண்டு நாட்களும் அருகருகே வந்தது அவ்வாண்டின் அமைப்பு. எல்லா ஆண்டுகளுக்கும் அது பொருந்தாது.

காரணம் இதுதான். எமது வைகாசி மாதம் சூரியனைக் கொண்டு எண்ணப்படுவது. அது எப்போதும் மே நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதியில் முடியும். அதற்குள் வரும் பூரணையே சடங்கின் நாள்களை நிர்ணயிக்கிறது. கதிர்காமத் திருவிழாவோ எசல என்னும் சந்திர மாதத்தின் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிப் பூரணையோடு நிறைவுறுவது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்களே வருவதால், திருவிழா ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்தள்ளிக்கொண்டே வந்து, கூடுதல் மாதம் ஒன்று சேர்க்கப்படும் ஆண்டில் ஒரேயடியாகப் பின்னுக்குப் போகிறது. 2024இல் ஜூலை 6ஆம் திகதி ஏறிய கொடி 2025இல் ஜூன் 26ஆம் திகதி ஏறியது இதனால்தான். இதன் விளைவாகக் குளிர்த்திக்கும் கொடியேற்றத்துக்கும் இடையே சில ஆண்டுகளில் இரண்டு வாரமும் சில ஆண்டுகளில் ஆறு வாரத்துக்கு மேலும் இடைவெளி விழுகிறது. 2025 இரண்டு வார ஆண்டு, 2024 ஆறு வார ஆண்டு.

வரப்போகும் 2026உம் ஆறு வார ஆண்டே. அவ்வாண்டின் பூரணை விடுமுறைகள் மே 1, மே 30, ஜூன் 29, ஜூலை 29 ஆகிய திகதிகளில் வருகின்றன. வைகாசிச் சடங்கு மே இறுதியோடு முடிந்துவிடும். எசலப் பூரணை ஜூலை 29 என்பதால் கொடியேற்றம் ஜூலை நடுப்பகுதிக்கு முன் வர வழியில்லை. கூடுதல் மாதம் வரும் ஆண்டென்பதால் கதிர்காம ஆலயத்தின் அறிவித்தலே முடிவானது என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்த்தி முடிந்ததும் புறப்பட்டால் ஜூன் நடுப்பகுதியில் உகந்தையில் நிற்போம், காட்டுப் பாதையோ பூட்டியிருக்கும். குமண, யால தேசியப் பூங்காக்களை ஊடறுத்துச் செல்லும் அந்தப் பாதை ஆண்டில் இரண்டு வாரமளவே அடியார்களுக்குத் திறக்கப்படுகிறது. திறக்கும் நாளும் மூடும் நாளும் மாவட்டச் செயலகத்தின் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில், வனஜீவராசிகள் திணைக்களமும் பாதுகாப்புப் பிரிவினரும் இருக்கத் தீர்மானமாகின்றன.

அப்படியானால் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வரும் அடியார்கள் இளவேனிலிலேயே புறப்படுகிறார்களே, அவர்கள் மாமாங்கத்துக்கு வரும்போது அவர்களோடு சேர்ந்து நடந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அவர்களுடைய யாத்திரை எண்ணூறு கிலோமீற்றர் அளவுக்கு நீள்வது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக ஆலயத்துக்கு ஆலயம் தங்கி வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதத்தை முருகனுக்கென்றே ஒதுக்கிவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களை எமது ஊரில் வரவேற்று அமுது கொடுப்பது எமது பேறு. ஆனால் எம்மவர்களில் பெரும்பாலானோர் சிறுபோக நெல் செய்வோரும் கடற்றொழிலாளரும். சித்திரையில் விதைத்த வேளாண்மைக்கு வைகாசியிலும் ஆனி முற்பகுதியிலும் களையும் பசளையும் தண்ணீர் முறையும் ஓயாது. கரைவலைக்கும் கிழக்குக் கடலில் அதுவே காலம். அவ்வளவு நாள் வீட்டைவிட்டு நிற்பது எமது குடும்பங்களுக்கு இயலாது என்பதை நிர்வாக சபை கருத்தில் எடுத்தது.

இனி வெயிலும் காற்றும். இவற்றைப் பற்றிச் சொல்லாமல் நாள் குறிப்பது பொருளற்றது. ஆனி பிறந்தபின் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எமது பக்கம் இறங்கும் கச்சான் என்னும் தென்மேல் காற்று, ஈரம் இழந்து சூடாகவே வருகிறது. பத்து மணிக்குமேல் அது எழுந்துவிட்டால் தொண்டை வறண்டு உதடு வெடிக்கும். சங்கமன்கண்டியிலிருந்து கோமாரி வரை வீதியில் நிழல் குறைவு. இம்முறை அவ்விடத்தில் முற்பகலிலேயே தார் இளகி வெறுங்காலில் ஒட்டத் தொடங்கியதால், எமது குழுவின் மூத்த அம்மா ஒருவர் பழைய சேலைத் துணியை நனைத்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டு நடந்தார். அன்று மாலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது அவருடைய பாதத்தில் கொப்புளம் ஒன்றும் இல்லை. இளம் சாமிமார், அதாவது இளம் யாத்திரை அடியார்கள், பலருக்கு இரண்டு காலிலும் கொப்புளம். நனைத்த துணி சுற்றும் முறையை அடுத்த யாத்திரையில் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்வோம்.

வெயிலுக்கு உண்மையான மருந்து விடியற்புற நடை ஒன்றே. இங்கே நிலவு வந்து சேர்கிறது. வளர்பிறையில் நிலவு மாலையில் நின்று விடியுமுன் மறைந்துவிடும். தேய்பிறையிலோ பின்னிரவில் எழுந்து சூரிய உதயம் வரை வானில் நிற்கும். எனவே பூரணை கழிந்த மறுநாள்களில் புறப்படுகிறவர்களுக்கு, அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்வரை, மூன்று நான்கு மணிக்கு எழுந்து நடக்கும்போது வெளிச்சம் கிடைக்கும். வாகனம் விரையும் வீதியில், முதியவர்களையும் பிள்ளைகளையும் கொண்டு செல்லும் குழுவுக்கு இது சிறிய உதவியல்ல. கொடியேற்றம் அமாவாசைக்கு மறுநாள் என்பதால், அதற்கு முந்திய பூரணைக்குப் பின் புறப்படுவது கணக்கிலும் ஒத்து வருகிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், அங்கிருந்து பாணமை வழியாக உகந்தை இன்னும் முப்பது கிலோமீற்றரளவு நடை. ஆறுதலாக நடந்தாலும் தேய்பிறைக்குள் உகந்தையை எட்டிவிடலாம்.

காட்டுக்குள் இந்த ஒழுங்கு செல்லாது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுத்து உதிரும் காலம். பாலும் இனிப்புமாக உதட்டில் பிசுபிசுக்கும் அந்தப் பழம் எமக்கு எவ்வளவு விருப்பமோ கரடிக்கும் அவ்வளவு விருப்பம். மரத்தில் ஏறி உண்டு களித்திருக்கும் கரடியை இருளில் தெரியாமல் நெருங்குவது உயிராபத்து. நீர் வற்ற வற்ற யானைகளும் ஆற்றங்கரைகளிலேயே நிற்கும். ஆகவே உகந்தைக்கு அப்பால் நன்றாக விடிந்தபின் நடை தொடங்கி, வெயில் சாயுமுன் தங்குமிடம் சேர வேண்டும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்கல்களை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு எவரும் பிரியாமல் போவதே வழக்கம். அதில் மாற்றம் இல்லை.

தண்ணீர் விடயத்தில் 2026க்கு விசேட கவனம் தேவை. திருவிழா மூன்று வாரமளவு பிந்துவதால் காடு அவ்வளவுக்குக் கூடுதலாக வறண்டிருக்கும். 2025இல் ஆற்று மணலில் முழங்கை ஆழத்துக்குப் பூவல் என்னும் ஊற்றுக்குழி தோண்டிய இடத்தில் ஊறிய தண்ணீர், ஆடியில் இன்னும் கீழே போயிருக்கக் கூடும். பௌசர் என்னும் தண்ணீர் வண்டியில் தண்ணீர் வழங்கப்படுவது பேருதவி என்றாலும், வரிசையில் நின்று நேரம் போவதையும் எண்ணி, ஒவ்வொரு சாமியும் தன் பங்குத் தண்ணீரைத் தானே சுமக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியிருக்கிறோம்.

கொடியேற்றத்துக்குப் போவதா, தீர்த்தத்துக்குப் போவதா என்பது அவரவர் நேர்த்தியைப் பொறுத்தது. சங்கம் அதில் தலையிடாது. ஆனால் காட்டுப் பாதை தீர்த்தம் வரை திறந்திருப்பதில்லை. 2025இல் தீர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்க, ஜூலை 4ஆம் திகதியே அது மூடப்பட்டது. தீர்த்தம் மட்டும் காண விரும்புகிறவர்களும் மூடும் திகதிக்கு முன் உகந்தையைக் கடந்தாக வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் நேர்த்தி இருந்தாலும் முழு வழியும் நடக்க வேண்டியதில்லை, உகந்தை வரை பஸ்ஸில் வந்து காட்டுப் பாதையில் மட்டும் சேரலாம் என்று நிர்வாக சபை கருதுகிறது.

முருகனிடம் போவதற்கு நாள் பார்க்கலாமா, அவன் அழைத்த நாளே நாளல்லவா என்று மூத்த அடியார் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அவருடைய பக்தியின் முன் நான் தலைவணங்குகிறேன். தனியே நடக்கும் அடியாருக்கு அது முற்றிலும் பொருந்தும். பெண்களையும் சிறுவர்களையும் முதியோரையும் அழைத்துச் செல்லும் சங்கத்துக்கு, அவர்களைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையும் அவன் இட்டதே.

மேற்சொன்னவற்றின் அடிப்படையில் நிர்வாக சபை இரண்டு தீர்மானங்களைச் சபையின் அங்கீகாரத்துக்கு வைக்கிறது. முதலாவது, புறப்படும் நாளைக் குளிர்த்தியிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், கதிர்காமக் கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு முந்திய பூரணை கழிந்த மூன்று நாட்களுக்குள் வைப்பது. அதன்படி 2026இல் ஜூன் 29ஆம் திகதிப் பூரணையை அடுத்து, ஜூலை முதல் நாட்களில் புறப்படுவோம். காட்டுப் பாதை திறக்கும் திகதி பிந்தினால், சனநெருக்கமும் தண்ணீர்க் கஷ்டமும் உள்ள உகந்தையில் காத்திராமல், திருக்கோவில் சித்திரவேலாயுதர் ஆலயச் சூழலில் தங்கி, திகதி அறிந்தபின் நடையைத் தொடர்வோம். இரண்டாவது, யாத்திரை போகிறவர்களின் வயலை ஊரில் நிற்கும் உறுப்பினர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. ஜூலையில் வேளாண்மை கதிர் வெளிவருமுன் குடலை கட்டி நிற்கும் காலமாதலால் தண்ணீர் முறை தவறினால் நட்டம் முழுப் போகத்துக்கும். தண்ணீர் திறக்கும் நாள்களின் பட்டியலை, வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானையிடம் பெற்று, யார் எந்த வயலுக்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வோம்.

நடக்க விரும்புகிறவர்கள் தமது பெயரையும், வயல் இருப்பின் அது எந்த வட்டையில் உள்ளது என்பதையும், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு எடுக்கும் மருந்துகளின் விபரத்தையும், வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கதவு திறக்கும் நாளுக்கு முன்னதாக என்னிடமோ உபசெயலாளரிடமோ எழுத்தில் கையளிக்க வேண்டுமெனக் கேட்டு, தீர்மானங்கள் இரண்டையும் சபையின் முடிவுக்கு விடுகிறேன்.

செயலாளர்