அடம்பங்கொடி குப்பை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் 17 வருடமாக மீன் வறுவல் கடை போட்டிருக்கிறேன். சாயந்திரம் நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் இரவு ஒன்பதரை வரை கை ஓயாது. அதனால் உங்கள் பேப்பரை மறுநாள் மீனைக் கழுவி மசாலா தடவி வைத்த பிறகுதான் படிப்பேன். எங்கள் ஊர் வெள்ளிக் கடற்கரையில் நடந்த தூய்மைப் பணி பற்றிப் போன மாதம் வந்த செய்தியையும் அப்படித்தான் படித்தேன். உள்ளூர் மக்களின் அலட்சியத்தால் குப்பைமேடாகக் கிடந்த கடற்கரையைத் தன்னார்வலர்கள் ஒரே காலையில் மீட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருந்த வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, உங்கள் நிருபர் அன்றைக்கு எட்டு மணிக்கு வந்தார், பத்து மணிக்குப் போய்விட்டார். நாங்கள் தினமும் விடிவதற்கு முன்னால் இங்கே நிற்கிறோம். என் கடைக்கு இரண்டு பக்கமும், பக்கத்துக் கடைக்காரர் இடம் வரைக்கும், நானும் என் நாத்தனாரும் ஈர்க்குமாறால் கூட்டி உரச்சாக்கில் கட்டி வைக்கிறோம். அதற்கு யாரும் எங்களுக்குக் கூலி தருவதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கூட்டுகிற எனக்குத் தெரியும் எது யாருடைய குப்பை என்று. குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், பிறந்தநாள் கேக் அட்டை, மேலே வெடித்துத் தூவுகிற ஜிகினாத் தாள், பீர் பாட்டில். இதையெல்லாம் தேவனாம்பட்டினத்துக்காரர்களா கொண்டுவந்து போடுகிறார்கள்? மழைக்காலத்தில் கெடிலம் பெருகினால் பண்ருட்டி, திருவதிகையில் தொடங்கி வழியில் கரையில் கொட்டியது அத்தனையையும் அடித்துக்கொண்டு வந்து இங்கேதான் கடலில் சேர்க்கிறது. இரண்டு நாள் கழித்து அலை அதைத் திருப்பி எங்கள் கரையில் ஒதுக்குகிறது. ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பதால் ஊரார் குப்பைக்கெல்லாம் நாங்கள் பெயர் வாங்கவேண்டுமா?

2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தது. அந்த வாரமே பிளாஸ்டிக் தட்டை நிறுத்திவிட்டு மந்தாரை இலைக்கு மாறினேன். விலை கூடத்தான். மழைக்காலத்தில் இலை பூஞ்சை பிடித்துவிடும், பாதிக் கட்டைத் தூக்கிப் போடவேண்டும். அப்புறம் பாக்குமட்டைத் தட்டும் வாங்கிப் பார்த்தேன், நெத்திலி பத்து ரூபாய்க்கு இருபது ரூபாய்க்குக் கேட்கிறவர்களிடம் அது கட்டுப்படியாகவில்லை. இலையே போதும் என்று இன்றுவரை இலையில்தான் தருகிறேன். என்னோடு பேசியிருந்தால் உங்கள் நிருபருக்கு இதையும் சொல்லியிருப்பேன்.

சரி, அந்தக் காலையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, கடற்கரைத் தூய்மை நாள். வந்த பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். வெயிலில் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள், என் கடையிலிருந்து நான்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஆனால் ஏற்பாடு செய்தவர்கள் ஒரு ஜேசிபியையும் கொண்டுவந்திருந்தார்கள். தாழங்குடா போகும் பக்கம் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மணல்மேடு இருந்தது. மேலே அடம்பங்கொடி படர்ந்திருக்கும், நடுநடுவே ராவணன் மீசைப் புல். ‘புதர் மண்டிக் கிடக்கிறது, சமன்படுத்தினால் பார்க்க நன்றாக இருக்கும், உட்கார இடமும் கிடைக்கும்’ என்றார் ஒருவர். ஓடிப்போய்ச் சொன்னேன், ‘வேண்டாம் சார், அது மண்ணைப் பிடித்து வைத்திருக்கிற கொடி’ என்று. ‘நீங்க தள்ளி நில்லுங்கம்மா’ என்றார். அரை மணி நேரத்தில் மேடு தரையோடு தரையாகிவிட்டது. கொடியைச் சுருட்டிக் குப்பையோடு குப்பையாகக் குவித்தார்கள். ‘புதர்கள் அகற்றப்பட்டு’ என்று உங்கள் செய்தியில் இருந்ததே, அது இதுதான்.

ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, கத்தரிப்பூ நிறத்தில் காலையில் மலர்கிற பூ. வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கொடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலுக்குள் இறங்கியிருக்கும். காற்று கொண்டுவருகிற மணலை அதுதான் தடுத்துத் தடுத்து மேடாக்குகிறது. கடலில் சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டு உடம்பு எரிந்தால் அந்த இலையைத்தான் கசக்கித் தேய்ப்போம். தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற கடலாமை ராத்திரியில் ஏறி வந்து அந்த மேட்டோரம்தான் குழி பறிக்கும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். வனத்துறையில் இருந்து வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பொரிக்க வைப்பார்கள். வருகிற தையில் அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் போனில் எடுத்துப் படித்துக் காட்டினாள். அழகுபடுத்துவதற்கோ பொழுதுபோக்கிற்கோ மணல்மேடுகளைத் திருத்தவோ மாற்றவோ கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் 2011-லேயே இருக்கிறதாம். 2019-இல் வந்த புதிய அறிவிக்கையிலும் இருக்கிறதாம். தாங்கள் பத்திரிகை நடத்துகிறவர், தங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன். தெரிந்தும் எப்படி அதைப் பாராட்டி எழுத மனம் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று இந்த மகள் எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு கடலூர் டவுன் பக்கம் ஓடினேன். பின்னால் ஓடி வந்த என் மாமியார் வந்து சேரவில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்தன என்று அப்போது நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். அதன்பிறகு இங்கே சவுக்கு நட்டார்கள். 2011-இல் தானே புயல் அதில் பாதியை முறித்துப் போட்டது. அடம்பங்கொடியை யாரும் நடவில்லை. அதுவாகவே வந்து, புயலுக்குப் பிறகும் அதுவாகவே தழைத்தது. என் மாமியார் உயிரோடு இருந்தவரை அந்தக் கொடியில் ஆட்டைக்கூட மேய விட்டதில்லை. இப்போது ஐப்பசி மழையும் வாடைக்காற்றும் வரப்போகிற நேரம் பார்த்து அதை வழித்து எடுத்துவிட்டார்கள். நேற்று லேசாகத்தான் காற்று அடித்தது, என் கடைக்குள் எண்ணெய்ச் சட்டி வரைக்கும் மணல்.

இனி அந்த மூட்டைகள். அன்றைக்குப் பொறுக்கியதை 43 சாக்கில் கட்டி, ரோட்டோரம் அடுக்கி, அதன் முன்னால் பேனரைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அதுதான் உங்கள் பேப்பரில் வந்த படம். ‘வண்டி வரும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் நாள் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அந்த மூட்டை மேலேயே இன்னும் கொட்டிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் ராத்திரி நாய்கள் கிழித்தன. ஒன்பதாம் நாள் வண்டி வந்தபோது 20 மூட்டைதான் முழுசாக இருந்தது. மிச்சம் மறுபடியும் மணலில். அதை நானும் என் நாத்தனாரும், மீன் விற்றுவிட்டு வந்த இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து பொறுக்கினோம். அப்போது படம் எடுக்க யாரும் வரவில்லை, அதை நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அதில் உடைந்த பாட்டில் இருந்திருக்கிறது. மறுநாள் விடியற்காலை போட்டைத் தள்ளும்போது என் மகனுக்கு உள்ளங்காலில் கிழித்து ஐந்து தையல். பத்து நாளாக அவன் கடலுக்குப் போகவில்லை.

இதெல்லாம் இந்த வருடம் மட்டும் இல்லை. காணும் பொங்கலுக்கு இந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது. மாசி மகத்துக்கு எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு இங்கே வருகின்றன, நாங்கள் சந்தோஷமாகத்தான் வரவேற்கிறோம். ஆனால் இத்தனை ஜனத்துக்கு வைத்த குப்பைத்தொட்டிகள் இரும்பு. உப்புக்காற்றில் இரண்டு மழைக்குள் அடி இற்றுப்போய், மேலே போட்டது கீழே விழுகிறது. கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. பெண்கள் என் கடையில் வந்து, ‘அக்கா, எங்கே போறது?’ என்று காதில் கேட்கிறார்கள். நான் என் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குள் குப்பை வண்டி ஒருமுறை கடற்கரைக்கு வரவேண்டும். நாங்கள் கட்டித் தயாராக வைத்திருப்போம். துருப்பிடிக்காத, மூடி போட்ட தொட்டி ஆறோ ஏழோ போதும். அடுத்த தடவை தூய்மைப் பணிக்கு வருகிறவர்கள் முதல் நாளே எங்கள் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், ஜேசிபியைக் கொண்டுவர வேண்டாம். மேடு இருந்த இடத்தில் கொடித் துண்டுகளை நட்டு வைக்க எங்கள் தெருப் பெண்கள் தயாராக இருக்கிறோம். மழைக்கு முன்னால் நட்டால் பிடித்துக்கொள்ளும். அதுவரை அந்த இடத்தில் காரையும் பைக்கையும் ஏற்றாமல் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்ட அனுமதி வேண்டும். இதை உரியவர்கள் பார்வைக்குத் தங்கள் பேப்பர் மூலமாகக் கொண்டுபோகவேண்டும்.

உள்ளூர் மக்களின் அலட்சியம் என்று எழுதியதற்கு ஒரு சின்னத் திருத்தமும் போடுங்கள். படம் வேண்டாம், நான்கு வரி போதும். என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டவேண்டும்.

கடை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்.