மண்டபம் கட்டும் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில் நம் பெகு ஊரில் போன வாரம் ஏற்பட்ட நில அதிர்வு பற்றி உங்கள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி போட்டிருந்தீர்கள். "சேதம் எதுவும் இல்லை" என்று முடிந்திருந்தது. செய்தி சரிதான். யாருக்கும் அடிபடவில்லை, எந்த வீடும் விழவில்லை. ஆனால் வாலிப வயதிலிருந்து கொத்துக் கரண்டி பிடித்து, பிறகு மேஸ்திரியாக இந்த ஊரில் வீடு கட்டி வருகிறவன் நான். அன்று ராத்திரி என் கண்ணில் பட்டதை நம் ஜனங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இடம் கொடுங்கள்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்துப் போட்ட நேரம். முதலில் தகரக் கூரை சடசடத்தது. சாமி படங்களுக்கு முன்னால் தொங்கும் விளக்கு ஆட ஆரம்பித்தது, பின்கட்டில் டிரம் தண்ணீர் தளும்பி வழிந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பேத்தியை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். 2025 பூகம்பத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது பழக்கம். சட்டென்று நின்றும் போனது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். எதிர்வீட்டு பர்மியப் பாட்டி படியில் உட்கார்ந்து பிரித் என்கிற பௌத்தக் காப்பு மந்திரம் ஓத ஆரம்பித்துவிட்டார்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர் பார்க்கப் போனேன். எங்கள் வீடு அப்பா காலத்தது. கீழே பிங்காடோ என்கிற கெட்டி மரத்தின் சட்டத்துக்குள் செங்கல் வைத்துப் பூசியது, மேலே முழுக்கப் பலகை, அதற்கு மேல் தகரம். பூச்சில் ஓர் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்த தெருவில் மலேசியாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் ஒரு குடும்பம் புது வீடு கட்டியிருக்கிறது. கீழே கடைக்காக முன்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டு, மேலே இரண்டு மாடி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அந்த வீட்டு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியிருந்தது. கடை வாசல் தூண் ஒன்றின் தலைமாட்டில் சிமெண்ட் உதிர்ந்து கிடந்தது. இத்தனை சின்ன ஆட்டத்துக்கே இப்படி. அந்த வீட்டம்மா, "பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடுமா, அண்ணே?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதைப் பலர் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. வடக்கே கச்சின் பக்கத்திலிருந்து சகாயின், மாண்டலே, நெய்பிடா, பெகு என்று இறங்கிக் கடலுக்குள் போகிறது சகாயின் பிளவு, பூமிக்குள் ஓடும் ஒரு நீண்ட வெடிப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் மேற்குப் பக்கத்து நிலம் கிழக்குப் பக்கத்தை உரசிக்கொண்டு வடக்கே போகப் பார்க்கிறது. நினைத்த மாதிரி போக முடியாமல் பூட்டிக்கொண்டு நிற்கிறது. வருஷக்கணக்கில் இழுத்துப் பிடித்திருந்து, ஒருநாள் பூட்டு விட்டுப்போகும். அன்றைக்குத்தான் பெரிய பூகம்பம்.

இது ஏதோ புத்தகத்துச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் பெகுவுக்கு வடக்கே பாயாஜீ பக்கம் போய்ப் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மதில் ஒன்று அங்கே இருக்கிறது. பிளவு அந்த மதிலின் குறுக்கே போகிறது. நேராகக் கட்டிய மதில் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு, சுமார் 6 மீட்டர் விலகி நிற்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் அந்த விலகலை அளந்து, இந்தத் தெற்குப் பகுதியில் வருஷத்துக்கு 11 முதல் 18 மில்லிமீட்டர் நகர்வு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பகுதி கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1930-இல். அன்று முதல் சேர்ந்திருப்பதைப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு மீட்டருக்குக் குறையாது, ஒன்றே முக்கால் மீட்டர்கூட இருக்கலாம். அத்தனையும் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. எப்போது விடும் என்று யாராலும் நாள் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் இணையத்தில் வீடியோ போட்டு நாள் குறித்த சோதிடரைக் கைது செய்தார்கள். அவர் சொன்னதை நம்பிப் பயந்து வீட்டுக்கு வெளியே படுத்தவர்கள் நிறைய. போன வாரமும் ஆட்டம் நின்று அரைமணி நேரத்துக்குள் "இன்று ராத்திரி பெரிது வரும்" என்று போனில் செய்தி சுற்றியது. தயவுசெய்து அதையெல்லாம் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

1930 மே 5, இரவு எட்டு மணி தாண்டி. எங்கள் அப்பத்தா அப்போது கைக்குழந்தைக்காரி. தாத்தா நெல் மில்லில் கூலி. தரை பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டதையும், ஊரில் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்ததையும் அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. பெகுவில் மட்டும் 500 பேருக்கு மேல், ரங்கூனில் சுமார் 50 பேர் செத்தார்கள். எங்கள் ஊர் ஷ்வேமாடோ பகோடா இடிந்து போனது. அதற்கு முன் 1917 அதிர்வில் விழுந்த அதன் உச்சித் துண்டு இன்னமும் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பகோடாவை மறுபடி கட்டி முடிக்க 1954 ஆயிற்று. இன்று அது 114 மீட்டர் உயரம். அதே 1930 டிசம்பரில், வடக்கே பியூ பக்கம் இன்னொரு பெரிய பூகம்பம் வந்தது. ஒன்று வந்து போய்விட்டதால் இனி பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

2025 மார்ச் 28 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.50. அளவு 7.7. ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல்களில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே கட்டடங்கள் விழுந்தன. பிரிட்டிஷார் 1934-இல் கட்டிய ஆவா பாலம் ஐராவதி ஆற்றில் சரிந்தது. மெய்க்திலா பக்கம் ஒரு சூரிய மின் நிலைய வாசலில் இருந்த கேமராவில், கண் இமைக்கும் நேரத்தில் நிலம் பக்கவாட்டில் வழுக்கிப் போவது பதிவாகியிருக்கிறது. ஒன்றேகால் நொடி சுமாரில் இரண்டரை மீட்டர் என்று ஜப்பான்காரர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் தங்கை மகள் மாண்டலேயில் இருக்கிறாள். அந்தக் கோடை வெயிலில் குழந்தைகளோடு தெருவோரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவளைப் பார்க்கப் போனபோது, உறவுக்காரர்கள் அழுகைக்கு நடுவில், என்னால் கட்டடங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கீழ்த்தளம் அப்படியே நசுங்கி, மேல்தளம் முழுசாகத் தரையில் உட்கார்ந்திருந்த வீடுகள். அடியில் இருந்தவர்களைத் தேடி வெறுங்கையால் செங்கல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முறிந்த தூண்களைக் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்த வளையங்கள் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தன.

அந்த வளையத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. தூணில் நிற்கும் பெரிய கம்பிகளைச் சுற்றிச் சின்னக் கம்பியில் வளையம் கட்டுவோம். பூகம்பத்தில் தூணைக் காப்பாற்றுவது அதுதான். வளையத்தின் இரண்டு நுனியையும் நன்றாக மடக்கித் தூணின் உள்பக்கம் பார்த்து நுழைக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று வெறும் செங்கோணத்தில் மடித்து விட்டுவிடுகிறார்கள். தூண் ஆடும்போது மேல் சிமெண்ட் உதிரும், வளையம் வாயைத் திறக்கும், உள்ளே இருக்கிற பெரிய கம்பி வெளிப்பக்கம் வளைந்துவிடும், தூண் போயிற்று. அடுத்தது இடைவெளி. தூணின் அடியிலும் தலையிலும், பீமோடு சேரும் இடத்தில், வளையங்கள் நாலு அங்குலத்துக்கு ஒன்றாவது நெருக்கமாக வர வேண்டும். நடுவில் கொஞ்சம் தள்ளிப் போகலாம். பல இடங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக முழ அகலத்தில் கட்டுகிறார்கள். சாதாரண நாளில் அந்தத் தூணும் நிற்கும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

சரி, இனி கமிட்டிகளுக்கு. எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயிலில் கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பெயர் வேண்டாம். கீழே பந்தி போட விசாலமாக இருக்க வேண்டும் என்று குறுக்குச் சுவரே இல்லாமல் தூண் மட்டும், மேலே நாலு பக்கமும் கனத்த செங்கல் சுவரோடு மண்டபம், அதற்கும் மேல் தொட்டி. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். இன்ஜினீயர் வரைபடம் கிடையாது. "பக்கத்து ஊர் மண்டபம் மாதிரியே" என்று சொல்லிக் கட்டுகிறார்கள். நான் போய்ச் சொன்னேன். கமிட்டியில் மூத்தவர், என்னிடம் அன்பாக இருப்பவர், "மேஸ்திரி, அம்மா பார்த்துக்கொள்வாள். பயப்படாதே" என்றார். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் அந்த அம்மா சன்னிதியில் தீ மிதித்தவன். திருவிழா அன்று அந்தக் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்காரப் போகிற கூட்டத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு தனி வீடு விழுந்தால் ஒரு குடும்பம். மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும். காணிக்கைப் பணம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. கோபுரத்துக்குச் சுதை வேலை செய்ய ஸ்தபதியைத் தேடி அழைக்கிறோம், கும்பாபிஷேகத்துக்கு ஐயரை வரவழைக்கிறோம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு இருந்தால் ரங்கூனிலிருந்து படித்த இன்ஜினீயரைக் கூப்பிட்டு மண் பார்க்கச் சொல்லலாம். ஆற்றங்கரை மண் வேறு, மேட்டு மண் வேறு. அடித்தளம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. பணம் குறைந்தால் மாடியை விடுங்கள். தரைத்தளத்தோடு நிறுத்தி, மேலே லேசான தகரக் கூரை போட்டால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இதேதான். அப்பா கட்டிய பலகை வீட்டைக் கௌரவக் குறைவு என்று இடிக்காதீர்கள். கறையான் அரித்த காலை மாற்றுங்கள், மரங்கள் சேருமிடத்தில் இரும்புப் பட்டை அடியுங்கள். இன்னும் பல வருஷம் நிற்கும். செங்கல் வீடுதான் வேண்டும் என்றால், கதவு ஜன்னல் உயரத்தில் எல்லாச் சுவரையும் சுற்றி விடாமல் ஒரே கான்கிரீட் பட்டை ஓடட்டும். அது சுவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் முக்கோணமாக எழுப்பும் செங்கல் சுவர் வேண்டாம், அங்கே பலகை அடித்துவிடுங்கள். பூகம்பத்தில் சீக்கிரம் சரிகிற சுவர்களில் அது ஒன்று. கான்கிரீட் இளகி ஓட வேண்டும் என்று தண்ணீரை மேலும் மேலும் ஊற்ற விடாதீர்கள், பலம் அதிலேயே போய்விடும். அப்புறம் வீட்டுக்குள்: பீரோவைச் சுவரோடு சேர்த்து இறுக்குங்கள், படுக்கைக்கு மேலே கனமான சாமி படம் மாட்டாதீர்கள். ஆடும்போது மாடிப்படியில் ஓடாதீர்கள். ஆட்டம் நின்றதும் விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது வீட்டம்மாவுக்கு நான் சொன்ன பதில் இது: பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் தொட்டியைக் கீழே இறக்குங்கள், கடை முன்பக்கத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்ப இன்ஜினீயரைக் கேளுங்கள். தொட்டியை மறுநாளே இறக்கிவிட்டார்கள்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். இந்த விவரங்களைப் படம் போட்டுத் தமிழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிடுங்கள். வளையம் மடிக்கும் விதத்தைப் பெரிய படமாகப் போட்டால், கொத்து வேலைக்குப் போகும் நம் பையன்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். விஷயம் தெரிந்த இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கிப் போடுங்கள், என் சொல் மட்டும் போதாது.

பெகு வட்டாரத்தில் எந்தக் கோயில் கமிட்டி, எந்த வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் வந்து தூண் கம்பியைப் பார்த்துச் சொல்கிறேன். கூலி வேண்டாம். என் முகவரியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாளாவது ஆள் அனுப்ப வேண்டும். ஊற்றிய பிறகு கூப்பிட்டால் உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
மேஸ்திரி ஒருவர்,
பெகு