எங்கள் வட்டாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் 2025 பொதுத் தேர்தல் பற்றிய உங்கள் சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். குழுத்தொகுதி முறை (சிறுபான்மையினர் ஒருவராவது உள்ள அணியாகப் போட்டியிட்டு, அணியாகவே ஜெயிப்பது அல்லது தோற்பது) மட்டும் வந்திருக்காவிட்டால் நாடாளுமன்றத்தில் இந்திய முகத்தையே பார்த்திருக்க முடியாது, அதற்கு நாம் நன்றியோடு இருக்கவேண்டும் என்கிற மாதிரி அதில் ஒரு வரி. கட்டுரையாளர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1988ல் அந்த முறையைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் எனக்கும் தெரியும். இனம் பார்த்து வாக்களிக்க ஆரம்பித்தால் சிறுபான்மையினர் காணாமல் போய்விடுவார்கள் என்ற பயம். அது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நன்றி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1981ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்த எதிர்க்கட்சிக்காரர் ஜே.பி. ஜெயரத்தினத்தை எந்தக் குழு தோளில் தூக்கிச் சென்றது? 2016ல் முரளி பிள்ளையும் ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் தனியாகத்தான் நின்றார், 61 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். 2023ல் அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தபோது தர்மன் சண்முகரத்தினத்துக்கு 70.4 விழுக்காடு. அதிபர் தேர்தல் வேறு, பொதுத் தேர்தல் வேறு என்பீர்கள். சரி, வேறுதான். அதற்காக, பெரும்பான்மைச் சமூகமான சீனர்கள் நமக்கு வாக்களிக்கமாட்டார்கள் என்று நம் பத்திரிகையிலேயே எழுதவேண்டுமா?

சிறுபான்மையினரின் இடம் அவ்வளவு முக்கியம் என்றால் இன்னொன்றுக்கும் பதில் வேண்டும். 2017ல் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகினார். அந்த அணியில் இருந்த ஒரே சிறுபான்மை உறுப்பினர் அவர்தான். இடைத்தேர்தல் வந்ததா? குடியிருப்பாளர் ஒருவர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தார். தேவையில்லை என்று 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2020 பொதுத் தேர்தல் வரை அந்த இடம் காலி. வேட்புமனு கொடுக்கும்போது கட்டாயம், அப்புறம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் இது என்ன பாதுகாப்பு? இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கட்டுரையில் ஒரு வரி கூட இல்லையே என்பதுதான் வருத்தம்.

என் கதைக்கு வருகிறேன். என் இளமையும் நடுவயதும் தஞ்சோங் பகாரில் கழிந்தன. 1991லிருந்து 2011 வரை அந்தக் குழுத்தொகுதியில் ஒரு பொதுத் தேர்தலில்கூடப் போட்டி கிடையாது. மெக்பர்சனுக்குக் குடிவந்த பிறகு 2015லும் 2020லும் வாக்குச் சாவடிக்குப் போனேன். பழக்கம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், 2025 மார்ச்சில் வந்த தொகுதி எல்லை அறிக்கை எங்கள் தனித்தொகுதியை மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியோடு சேர்த்துவிட்டது. வேட்புமனுத் தாக்கல் நாளான ஏப்ரல் 23 நண்பகலுக்குள், எதிர்த்து யாரும் நிற்காததால், எங்களுக்கு ஐந்து உறுப்பினர்கள் கிடைத்துவிட்டார்கள். தேசிய சேவை முடித்த என் பேரன், முதல் வாக்கு என்று ஆசையாக இருந்தவன், வாக்களிப்பு நாளான மே 3ஆம் தேதி மத்தியானம் வரை தூங்கினான். அவனை எழுப்பி என்ன சொல்வது?

எதிர்க்கட்சிகள் வராததற்கு அரசாங்கத்தைத் திட்டுவதா என்று கேட்பீர்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் தனித்தொகுதியாகவே விட்டிருந்தால் ஒரு வேட்பாளர், 13,500 வெள்ளி வைப்புத்தொகை, அவ்வளவுதான். இப்போது ஐந்து பேர், 67,500 வெள்ளி. அணியில் ஒருவர் பின்வாங்கினாலும் மற்ற நால்வரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இந்த நாட்டில் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். தகுந்த காரணமில்லாமல் போகாதவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், திரும்பச் சேர 50 வெள்ளி கட்டவேண்டும். தஞ்சோங் பகாரில் நான் வாக்களிக்காமல் இருந்த தேர்தல்களுக்கெல்லாம் எனக்கு 50 வெள்ளி யார் தருவார் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

வாக்களித்தவர்கள் கதையும் ரொம்ப உசத்தி இல்லை. தெம்பனிஸ் குழுத்தொகுதியில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 47 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஐந்து இடத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு, தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு வாங்கியவர்களுக்குத் தரும் தொகுதியில்லா உறுப்பினர் என்று ஒரு நாற்காலி, ஆறுதல் பரிசு மாதிரி. நாடு முழுவதும் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 65.57 விழுக்காடு வாக்கு, இடங்களோ 97ல் 87. ஜெயித்தவர்கள் ஜெயிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வாக்குக்கும் நாற்காலிக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு பத்தி எழுதியிருக்கலாம். நன்றி சொல்வதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். கட்டுரைக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் ‘வாக்காளர்களில் 65.57 விழுக்காட்டினர்’ என்று போட்டிருக்கிறீர்கள். செல்லுபடியான வாக்குகளில் 65.57 என்று திருத்திவிடுங்கள். மரின் பரேட்-பிரேடல் ஹைட்சின் 130,000க்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பே வரவில்லை என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்தால் போதும். சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மெக்பர்சன் வட்டார வாசகர்