வலிக்கவில்லை என்றவள் பொய் சொல்லவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எண்டார்ஃபின் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிரித்தால் சுரக்கும், ஓடினால் சுரக்கும், அது 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஆனால் ஆபத்து நேரத்தில் அது என்ன செய்கிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் நான் என் மகளை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள். உடனே எழுந்து, "ஒண்ணுமில்லம்மா, வலிக்கவே இல்ல" என்றாள். நானும் நம்பி என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அப்புறம் படித்துப் பார்த்தபோதுதான், விழுந்த நேரத்தில் அவளுக்கு நிஜமாகவே வலித்திருக்காது என்று புரிந்தது.

அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, 1973இல் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு செடியின் பாலுக்காகவா மூளை இப்படி இடம் வைத்திருக்கும்? உடம்பே அப்படி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும் அல்லவா? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து, மார்ஃபினைப் போலவே வேலை செய்யும் என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் 5 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு பொருள். எண்டார்ஃபினும் அதே குடும்பம்தான். இவை தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே ஏறும் வழியை அடைத்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது வேறொன்று. அதிர்ச்சி வரும்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன் வெளிவந்து, கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அந்த ஏசிடிஎச்சும், எண்டார்ஃபின்களில் ஒன்றான பீட்டா எண்டார்ஃபினும் ஒரே பெரிய புரதத்திலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை! பதற்றமும் வலி மறப்பும் பிறவியிலேயே உறவு. விலங்குகளை அதிர்ச்சிக்கு உள்ளாக்கினால் வலி மரத்துப்போகிறது. மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் அந்த மரப்பு பல சமயம் கலைந்துவிடுகிறது. வலி தெரியாமல் போவதற்கு எண்டார்ஃபின் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், கவனம் வேறு பக்கம் திரும்புவதற்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பலத்த காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் வலி மருந்தே கேட்கவில்லை என்று ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் 1946இலேயே எழுதியிருக்கிறார். எண்டார்ஃபின் என்ற பெயரே அப்போது கிடையாது.

இதே குடும்பத்தில் டைனார்ஃபின் என்று ஒன்று இருக்கிறது. அது மகிழ்ச்சிக்கு நேர் எதிரான, மனம் கசக்கிற உணர்வைத் தரக்கூடியது. மன உளைச்சல் நாள்கணக்கில் நீடித்தால் வலி மரத்துப்போவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். இதையெல்லாம் விட்டுவிட்டு 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று மட்டும் எழுதினால், தீராத முதுகுவலியில் இருப்பவர் "நான் சரியாகச் சிரிக்கவில்லை போலிருக்கிறது" என்று தன்னையே நொந்துகொள்வார். அது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து இது பற்றி எழுதும்போது, கீழே விழுந்தவர்களைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். "வலிக்கல" என்று சொன்னாலும் வீக்கம் இருக்கிறதா, தொட்டால் சுருக்கென்கிறதா, விரல்கள் அசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். என் மகளுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. அன்று கத்தியதற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி