பாலக்கோட்டுத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குத் திரும்ப வலிப்பு வந்துவிட்டது, நீ சேலத்தில் வேறு டாக்டரைப் பார்க்கக் கிளம்புகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். கைராசிக்காரராம். போவதென்று முடிவு செய்வதற்கு முன் இதைப் படித்துவிடு.

இப்போதைய மருந்து ஆரம்பித்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. வலிப்பு மருந்தைப் பெரும்பாலும் குறைந்த அளவில் தொடங்கி, குழந்தையின் எடையையும் உடம்பு ஏற்றுக்கொள்வதையும் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் பாப்பா நாள் முழுக்கத் தூங்கி வழிவாள். சில மருந்துகளுக்குத் தோலில் தடிப்புத் தடிப்பாக வரும். (அப்படி ஏதாவது கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதே, டாக்டரிடம் உடனே சொல்.) அளவு முழுதாக ஏறும் முன்பே மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டினால், அடுத்தவர் வேறொன்றை அடியிலிருந்து ஆரம்பிப்பார். அலைச்சல்தான் மிச்சம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவளுக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு மாதம் வராமல் இருந்ததை வைத்து மருந்து வேலை செய்கிறதென்று சொல்ல முடியாது. முன்பு இருந்ததிலேயே நீண்ட இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம், அல்லது 12 மாதம், இதில் எது அதிகமோ அதுவரை வலிப்பு வராமல் இருந்தால்தான் கட்டுக்குள் வந்ததாகக் கொள்ள வேண்டும். வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவர் அமைப்பு 2010-இல் வகுத்தது இது. புதிதாக வலிப்பு கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே நின்றுவிடும். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எங்கள் பையனுக்கு லெவெடிராசெட்டம் கொடுத்தபோது வலிப்பு குறைந்தது, ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். அந்த மருந்தில் சிலருக்கு அப்படி ஆகும். நாங்கள் போய்ச் சொன்ன இடத்தில், வளர்ப்பு சரியில்லை என்றார்கள். எந்த இடம் என்பது எதற்கு, விடு. உன் மாமா ஒரு நோட்டுப் போட்டு, வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், காய்ச்சல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, மருந்து தவறியதா என்று எழுதி வந்தார். கோபம் வந்த நாளையும் குறித்தார். அடுத்த டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மருந்தை மாற்றினார். நீயும் எழுது. வலிப்பு வரும்போது யாராவது செல்போனில் வீடியோ எடுக்கட்டும். மூளையின் மின் அலையைப் பதிவு செய்து பார்க்கும் இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம், அதனால் அந்த வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி.

சரியாகத் தேர்ந்தெடுத்த ரெண்டு மருந்துகளை முழு அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் நிற்கவில்லையென்றால், அதற்கு மேல் உள்ளூரில் காத்திருக்காதே. ராயக்கோட்டை, ஒசூர் வழியாகப் பெங்களூரு நிமான்ஸ் மூளை நரம்பு மருத்துவமனைக்குப் போய்விடலாம். அறுவை சிகிச்சை சரிவருமா என்று சோதித்துப் பார்க்க அங்கே வசதி உண்டு.

வலிப்பு வரும்போது உன் மாமியார் பாப்பா கையில் இரும்பைத் திணிப்பதை மட்டும் எப்படியாவது நிறுத்து. தாயத்து கட்டினால் கட்டட்டும், அதற்குச் சண்டை வேண்டாம். பாப்பாவை ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனால் தண்ணீரில் அவள் கையை விடவே கூடாது.

அப்புறம், சேலத்துக்குத்தான் போவேன் என்றால் போ. ஆனால் பழைய சீட்டு, ஸ்கேன், காலி மருந்து பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள். போகிற அன்றைக்குக் காலை மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிடாதே.

அக்கா,
கிருஷ்ணகிரி