மன்னாரில் விரிய எங்கே இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில் மன்னார் தீவின் கனிம மணல் பற்றி ஒரு கட்டுரை. 'படிவு ஆழத்திலும் அகலத்திலும் மேலும் விரிய வாய்ப்புண்டு' என்று அதில் ஒரு வரி. எங்கே ஐயா விரியும்? வடக்கே பார்த்தாலும் கடல், தெற்கே பார்த்தாலும் கடல். அகலத்தில் விரிவதென்றால் பேசாலை, தலைமன்னார்ச் சனங்களின் அடுப்படிக்குள்தான் விரிய வேண்டும்.

ஆழத்தின் கதை இன்னும் மோசம். கனிமம் தேடி வந்த கம்பனிக்காரர் முதலில் மேல்மண்ணைத் துளைத்துப் பார்த்தார்கள், அப்புறம் நீர்மட்டத்துக்குக் கீழேயும் துளைத்தார்கள். மொத்த மணல் 30 கோடித் தொன்னைத் தாண்டிவிட்டதாம். தங்களுக்குத் தெரியாததல்ல, அந்த நீர்மட்டம்தான் எங்கள் குடிதண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஏடுபோல மிதந்து நிற்கிறது. எங்கள் வளவுக் கிணற்றில் மாரி முடிந்த கையோடு குனிந்தே வாளியில் அள்ளலாம். ஆடி, ஆவணியில் மோட்டரைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டால் போதும், பின்னேரத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மனைவி சொல்லுவா, "மோட்டரை நிப்பாட்டுங்கோ, உவர் ஏறிட்டுது." அந்த நாவுக்கு எட்டியது தங்கள் கட்டுரையாளருக்கு எட்டவில்லை.

கனிமம் அந்த மணலில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்குதான். மிச்சம் 96 பங்கையும் கிளறிவிட்டுத் திரும்பக் கொட்டுவார்களாம். கொட்டிய மண்ணில் பனை முளைக்குமா, நல்ல தண்ணீர் ஊறுமா என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. இந்த மணலிலுள்ள இல்மனைற் என்ற கனிமத்திலிருந்து பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் எடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு பந்தி!

வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட ஒரு லோட் மணல் ஏற்ற அனுமதி கேட்டு ஒரு கந்தோருக்கு அலைந்தவன் நான். கிராம சேவையாளரின் கடிதம், காணி உறுதி, வரைபடம் எல்லாம் கொடுத்தேன். சுற்றாடல் பாதிப்பைப் பற்றி எனக்கு வகுப்பே எடுத்தார்கள். அனுமதி வருவதற்குள் சீமெந்து மூட்டை கல்லாகிவிட்டது. ஒரு லோட்டுக்கு இவ்வளவு கரிசனை காட்டும் நாடு, கோடித் தொன்னுக்கு என்ன காட்டப்போகிறது பார்ப்போம்.

சண்டைக் காலத்தில் இந்தக் கரையை விட்டு ஓடி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் கிடந்து, திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியிருக்கிறோம். அப்போது இந்த மண்ணின் பெறுமதியை யாரும் பேசக் காணோம். பிறகு தென்கரையில் காற்றாலைகள் எழும்பின. அதற்குப் பிறகு மாரி வெள்ளம் வடியச் சுணங்குகிறது என்பது ஊர்ப்பேச்சு. காரணம் அதுதானா வேறா என்று எங்களுக்கு விளங்க ஒருவரும் வந்து சொல்லவில்லை. 2025 ஓகஸ்ட்டில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பாராமல் சனம் நாட்கணக்கில் தெருவில் நின்றது காற்றாலைக்கு எதிராக மட்டுமல்ல, இந்த மணல் அகழ்வுக்கும் எதிராகத்தான். தங்கள் கட்டுரையில் அது 'சில உள்ளூர் ஆட்சேபங்கள்'.

அபிவிருத்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். புல்மோட்டையைக் கேளுங்கள். கிழக்குக் கரையில் கனிம மணல் எடுக்கவென்று 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்த இடம். இன்றுவரை அங்கிருந்து பெரும்பாலும் மணலாகவேதான் கப்பலேறுகிறது. சாயமாக்கும் ஆலை வேறு தேசத்தில்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வுக்கு அனுமதி கொடுத்த பகுதிகளின் வரைபடத்தைத் தமிழில், கிராமப் பெயர்களோடு, ஒரு பக்கத்தில் போடுங்கள். கிணறு உள்ளவன் தன் வளவு அதற்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். வணிகப் பக்கத்தில் இடமில்லாவிட்டால் மரண அறிவித்தல் பக்கத்தில் போட்டாலும் சரி, இங்கே எல்லாரும் முதலில் புரட்டுவது அதைத்தான்.

இப்படிக்கு,
பேசாலை வாசகர்