களையென்று பிடுங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தும்பையையும் விஷ்ணுகிரந்தியையும் களையென்று பிடுங்கிவிட்டு, தோட்டத்துக்குத் தேனீ வரவில்லையே என்று பலர் வருந்துகிறார்கள். ஓரத்தில் 1 சதுர மீட்டராவது அவற்றுக்கு விடுங்கள்.

காய்ந்த தும்பைக் கொத்தை உள்ளங்கையில் கசக்கினால், ஒவ்வொரு பூவின் குழலிலிருந்தும் நான்கு பொடி விதைகள் வரை உதிரும். 1 பங்கு விதைக்கு 5 பங்கு உலர்ந்த மணல் கலந்து, மழைக்காலத் தொடக்கத்தில் தூவி, கையால் அழுத்தினால் போதும். கனமாக மண் மூடினால் முளைக்காது. வாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரே மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும், பூவாளிதான் சரி.

பெரிய தவறு எரு போடுவது. கொழுத்த மண்ணில் புல் முந்திக்கொள்ளும், பூச்செடி அமுங்கிவிடும். விதை முற்றிய பிறகே வெட்டுங்கள். வெட்டியதை நான்கைந்து நாள் அங்கேயே உலரவிட்டு, விதை உதிர்ந்ததும் அள்ளிவிடுங்கள்; விட்டுவைத்தால் மக்கி அதுவே எருவாகிவிடும்.

எருக்கில் வரிவரியான புழுவைக் கண்டால் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். பார்த்தீனியத்துக்கு மட்டும் இடம் தரக் கூடாது: பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

– வாசகர்